இத்துப்போன 1969 ஃபோக்ஸி: காசு போட்டு எழுப்பலாமா, விட்டுடலாமா?

மியர்பேங்க் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். பெரியப்பாவோட 1969 ஃபோக்ஸி, அதாவது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், 1500 இன்ஜின். தென்னாப்பிரிக்கா டர்பன்ல, மியர்பேங்க்ல வீட்டுப் பக்கவாட்டுல 9 வருஷமா நீலத் தார்ப்பாய்க்குள்ள நிக்குது. பெரியப்பா காலமாயிட்டார். வண்டியை என்ன செய்யிறதுன்னு முடிவு என் கையில விட்டிருக்காங்க.

நிலைமை இதுதான்: வலதுபக்கம் பின்சீட்டுக்கு அடியில, பேட்டரி இருக்கிற இடத்துல, கை நுழையுற ஓட்டை. கதவுக்கு அடியில நீளமா ஓடுற ஹீட்டர் சேனல் ரெண்டு பக்கமும் பொருக்குப் பொருக்கா உதிருது. வலதுபக்கக் கதவைத் திறந்தா, மூடும்போது கொஞ்சம் தூக்கிக் கொடுக்கணும். பானெட், கூரை, மட்கார்ட் எல்லாம் பார்க்க நல்லாத்தான் இருக்கு. இன்ஜின் சுழலுதான்னு இன்னும் பார்க்கலை.

ஒரு பேனல் பீட்டர் (கார் தகட்டுவேலைக்காரர்) வந்து பத்து நிமிஷம் சுத்திப் பார்த்துட்டு, பெயின்டோட சேர்த்து 1 லட்சத்து 35 ஆயிரம் ரேண்ட்னு சொன்னார். ஓடுற நிலையில இருக்கிற இதே மாடல் அதைவிடக் குறைச்ச விலைக்கு விளம்பரத்துல வருது. அப்படின்னா இதுல காசு போடுறது சரியா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பீனிக்ஸ் தகட்டுவேலை:

தம்பி, முதல்ல அந்தத் தார்ப்பாயை எடுங்க. இன்னைக்கே. பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஆனா தரையிலேருந்து ஏறுற ஈரத்தை உள்ளேயே பிடிச்சு வச்சுக்கும். காலையில பாயோட உட்பக்கத்தைத் தடவிப் பாருங்க, கை நனையும். அந்த ஈரம் ராத்திரி முழுக்கத் தகட்டு மேல உட்கார்ந்திருக்கும். மேலே கூரை போட்டு நாலு பக்கமும் காத்து போற மாதிரி நிறுத்துறதுதான் வழி.

உங்க ஊர்ல இது இன்னும் மோசம். கடல் காத்துல வர்ற உப்பு தகட்டு மேல படிஞ்சா, மழை இல்லாத நாள்லயும் அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். தகடு காயவே காயாது. அதனாலதான் மியர்பேங்க், இசிபிங்கோ, பிளஃப் பக்கம் நின்ன வண்டி வெளியில பளிச்சுன்னு இருந்தும் அடியில இத்துப் போயிருக்கும். துரு தகட்டைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ரெண்டு தகடு சேர்ற மடிப்புக்குள்ள துரு வந்தா அது ஆப்பு மாதிரி வேலை செஞ்சு மடிப்பையே பிரிச்சுவிடும். நீங்க பார்க்கிற பொருக்கு அதுதான்.

இப்ப விலை விஷயம். பத்து நிமிஷம் பார்த்துட்டுத் துரு வேலைக்கு முழுத் தொகை சொன்னா அது மதிப்பீடு இல்லை, ஊகம். பெயின்டை உரிக்காம, சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுக்காம யாராலும் சொல்ல முடியாது. ஒண்ணு, பயந்து கூடுதலாச் சொல்லியிருக்கணும். இல்லைன்னா, ஓட்டை மேல தகடு வச்சு ஒட்டிப் பட்டி போட்டு மூடுற கணக்கா இருக்கும். ரெண்டும் உங்களுக்கு ஆகாது. கட்டம் கட்டமா விலை கேளுங்க. முதல் கட்டம் பிரிக்கிறதும் உரிக்கிறதும் மட்டும். அது முடிஞ்சு ஃபோட்டோ எடுத்த பிறகு அடுத்த கட்டத்துக்கு விலை.

அதுக்கு முன்னாடி நீங்களே செய்யக்கூடிய சோதனை இருக்கு. ஒரு மழுங்கின ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், துணி சுத்தின காந்தம், டார்ச் போதும். அரை நாள் வேலை.

ஃபோக்ஸியில எலும்பு எதுன்னு தெரிஞ்சுக்கிட்டாப் பாதி குழப்பம் போயிடும். வண்டி ரெண்டு பாகம். கீழே சேஸிஸ், அதாவது நடுவுல ஓடுற டனல், அதோட ரெண்டு பக்கமும் ஒட்டின தரைத் தகடு. மேலே பாடி, அதோட அடிவிளிம்புதான் ஹீட்டர் சேனல். ரெண்டும் 8 மில்லிமீட்டர் போல்ட் வரிசையால பூட்டியிருக்கும், நடுவுல ரப்பர் கேஸ்கெட். ஹீட்டர் சேனல் பேருக்குத்தான் சூடு காத்துக் குழாய். உண்மையில கதவுத் திறப்புக்குக் கீழே பாடியைத் தாங்குற உத்தரமே அதுதான். அது போனா முன்தூணும் நடுத்தூணும் ஒண்ணை நோக்கி ஒண்ணு சாயும். உங்க கதவு தொங்குறதுக்கு கீல் காரணம்னு நினைக்காதீங்க, சேனலாத்தான் இருக்கும். உறுதி பண்ண, பின்சக்கரத்துக்கு முன்னாடி ஜாக் வைக்கிற சாக்கெட்ல ஜாக்கை வச்சு மெதுவா ஏத்துங்க, கதவு இடைவெளியைப் பார்த்துக்கிட்டே. மேல் இடைவெளி மாறினாலோ ஜாக் உள்ளே குத்திக்கிட்டுப் போனாலோ சேனல் முடிஞ்சுது. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு இந்தச் சோதனை வேண்டாம்.

சேனலும் தரையும் போறது சகஜம், ரெண்டுக்கும் புதுத் தகடு கிடைக்கும். பயப்பட வேண்டிய இடம் வேற மூணு இருக்கு. முன்னால ஃப்ரேம் ஹெட், அதாவது டனலோட முன்முனை, முன்சக்கரங்களைத் தாங்குற முன் பீமைப் பிடிக்கிற இடம். அடித்தகட்டைச் சுத்தியலால தட்டுங்க. "டிங்"னு கேட்கணும். "தொப்"னு கேட்டா உள்ளே ஒண்ணும் இல்லை. அடுத்தது முன் பீம். கீழ்க்குழாயிலயும் ஷாக் தூண் சேர்ற மடிப்புலயும் ஓட்டை இருந்தா மாத்திடணும், அதுல ஒட்டுப் போடவே கூடாது. ஸ்டியரிங் பாரமும் சக்கரத்து அடியும் அங்கதான் வருது. மூணாவது, பின்னால ஸ்பிரிங் வேலை செய்யிற டார்ஷன் பார் (முறுக்குத் தண்டு) குழாயும் டனலும் சேர்ற இடம்.

இந்த மூணும் கெட்டியா இருந்தா வண்டி பிழைக்கும். எது இத்திருந்தாலும் ஜிக்ல (அளவு மாறாமப் பிடிச்சு வைக்கிற சட்டம்) ஏத்தி அளவு பிடிச்சு வேலை செய்யணும், செலவு வேற ரகமாயிடும். பார்த்துட்டு எழுதுங்க.

இன்ஜின் பத்தி ஒரு வார்த்தை: சாவியைத் திருகாதீங்க. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் மெல்லிசான எண்ணெய் விட்டு ரெண்டு நாள் விடுங்க. அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்ல 30 நம்பர் ஸ்பேனர் வச்சுக் கையால மெதுவாச் சுத்திப் பாருங்க. சுத்தினா, புல்லியை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்க. அந்த ஆட்டம் 0.07-லேருந்து 0.13 மில்லிமீட்டர் வரைக்கும் சரி. 0.15-ஐத் தாண்டினா ஷிம் (இடைவெளியைச் சரிபண்ற மெல்லிசு வளையம்) மாத்தணும். "டக் டக்"னு கையிலயே தெரியுற அளவுக்கு ஆடினா இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். ஆனா இந்தச் செலவு பாடிச் செலவுக்குப் பக்கத்துல கூட வராது. பழைய கார் வாங்குறப்ப நாம காசு கொடுக்கிறது தகட்டுக்குத்தான். இன்ஜின் எப்ப வேணா கிடைக்கும்.

---

வெருலம் அக்கா:

தகட்டைத் தட்டுவதற்கு முன்னால் தாளைப் பாருங்கள் தம்பி. தாள் சரியில்லாத வண்டியில் எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் அதைச் சாலையில் ஓட்ட முடியாது.

பெரியப்பா பெயரில் பதிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? அதில் உரிமையாளர் என்றும் டைட்டில் ஹோல்டர் என்றும் இரண்டு இடம் இருக்கும். அந்தக் காலத்தில் கடனில் வாங்கியிருந்தால் டைட்டில் ஹோல்டர் இடத்தில் இன்னும் வங்கியின் பெயரே இருக்கலாம். அப்படியானால் அதை முதலில் மாற்ற வேண்டும்.

காலமானவரின் வண்டியைக் குடும்பத்துக்குள் யாரும் தானாகப் பெயர் மாற்றிக்கொள்ள முடியாது. மொத்தச் சொத்து மதிப்பு 2 லட்சத்து 50 ஆயிரம் ரேண்டுக்குள் என்றால் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் தரும் அதிகாரக் கடிதம் போதும். அதற்கு மேல் என்றால் எக்ஸிக்யூட்டர் (சொத்து நிர்வாகி) நியமனக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் பெயர் உள்ளவர்தான் விற்பவராகக் கையெழுத்துப் போட முடியும். பெரியம்மா முன்பே இந்த வேலையை முடித்திருக்கலாம், பழைய கோப்பில் தேடச் சொல்லுங்கள்.

9 வருடமாக லைசென்ஸ் டிஸ்க் (கண்ணாடியில் ஒட்டும் வருடாந்திர உரிமச் சீட்டு) புதுப்பிக்கவில்லை என்றால் பாக்கியும் அபராதமும் ஏறியிருக்கும். எவ்வளவு என்று பதிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் செலவில் சேருங்கள். வண்டி கைமாறினால் 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிய வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். அதனால் அதை வேலை எல்லாம் முடிந்த பிறகு எடுங்கள். முன்கூட்டியே எடுத்தால் காலாவதியாகி இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது சேஸிஸ் எண். ஃபோக்ஸியில் அது பின்சீட்டுக்கு அடியில், டனலின் மேல் குத்தியிருக்கும். கம்பி பிரஷ் போட்ட கிரைண்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் பித்தளை பிரஷும் போதும். எண் தெரிந்ததும் சான்றிதழில் இருப்பதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து ஃபோட்டோ எடுங்கள். ஜெனரேட்டர் தாங்கிக்குக் கீழே இன்ஜின் எண் இருக்கும், அதையும் ஒப்பிடுங்கள். இடையில் இன்ஜின் மாற்றியிருந்து பதியாமல் விட்டிருந்தால் போலீஸ் கிளியரன்ஸ் தேவைப்படும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

---

டொங்காட் பாகு:

தகட்டுவேலை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. துருவை எடுக்கிற முறை பத்தி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். பாதிச் செலவு அங்கதான் வீணாகுது.

துருவை மாத்தும் திரவம்னு கடையில விக்கிறாங்களே, டேனிக் அமிலம் இல்லைன்னா பாஸ்பாரிக் அமிலம் கலந்தது, அது மெல்லிசா ஒட்டிக்கிட்டிருக்கிற துருவுல மட்டும்தான் வேலை செய்யும். பொருக்கு மேல தடவினா மேல்தோல் கறுப்பாகி அழகாத் தெரியும், அடியில துரு அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கும். ஹீட்டர் சேனலுக்குள்ள அதை ஊத்திக் காப்பாத்திடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மணல் அடிக்கிறது சேஸிஸுக்கும் பீமுக்கும் நல்லது. ஆனா பானெட், கூரை, கதவுத் தோல் மாதிரி பெரிய மெல்லிசுத் தகட்டுல அடிச்சா மேல்பரப்பு விரிஞ்சு தகடு உப்பி அலை அலையா நெளிஞ்சிடும். நெளிஞ்சதைத் திரும்ப எடுக்கிறது பேனல் வேலையிலேயே கஷ்டமான வேலை. அதுக்கெல்லாம் பெயின்ட் ரிமூவர் போட்டுச் சுரண்டுங்க.

சின்ன உருப்படிகளுக்கு, அதாவது கீல், பிராக்கெட், பம்பர் தாங்கி, பிரேக் டிரம் மாதிரி இரும்புக்கு, நம்ம ஊர்ல இருக்கிறதுலேயே சிறந்த மருந்து மொலாசஸ்தான். மாட்டுத் தீவனக் கடையில டின்னுல கிடைக்கும். 1860-ல நம்ம முன்னோர் எந்தக் கரும்பை வெட்ட இந்தக் கரைக்கு வந்தாங்களோ அதே கரும்போட பாகுதான். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணி, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம். பொருளை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமக் கழுவிட்டு முழுசா மூழ்க வைங்க. ரெண்டு வாரம், ரொம்ப மோசமா இருந்தா மூணு. பாகு இரும்பைத் தொடாது, துருவை மட்டும் பிடிச்சு இழுத்துக் கரைச்சிடும். வெளியே எடுக்கும்போது கறுப்பு வண்டல் பூசின மாதிரி அசிங்கமா இருக்கும். ஹோஸ் தண்ணியை அடிச்சா வண்டல் வழிஞ்சு போய், அடியில சாம்பல் நிறத்துல சுத்த இரும்பு தெரியும், ஆலையில அடிச்ச எண் கூடப் படிக்கலாம். பார்த்துக்கிட்டே நிக்காதீங்க. கண்ணு முன்னாடியே அஞ்சு நிமிஷத்துல மஞ்சள் பூக்கும். உடனே காத்தடிச்சுக் காய வச்சு, நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தால துடைச்சு, அன்னைக்கே பிரைமர் அடிங்க.

அலுமினியம், துத்தநாக வார்ப்பு, மெக்னீசியம் எதையும் அதுல போடாதீங்க, தின்னுடும். கார்புரேட்டர், கைப்பிடி, இன்ஜின் உறை எல்லாம் தள்ளியே இருக்கட்டும். ஸ்பிரிங்கும் வேண்டாம். டிரம்மை வீட்டை விட்டுத் தூரமா வைங்க, ரெண்டாவது வாரம் புளிச்ச நாத்தம் தாங்க முடியாது.

பேட்டரி சார்ஜரை வச்சு மின்சாரத்துல துரு எடுக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நேர்மின் பக்கம் சாதா இரும்புதான் கட்டணும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது. அதுல இருக்கிற குரோமியம் விஷமாத் தண்ணியில கலக்கும். ஹைட்ரஜன் வாயு வேற வரும், மூடின கராஜுக்குள்ள செய்யாதீங்க.

பணம் திரும்பி வருமான்னு கேட்டா, ஒரு ஃபோக்ஸியில போட்ட முழுப்பணம் விக்கும்போது வராது. ஆனா அதுக்காக வண்டியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். யூட்டன்ஹேக் ஆலையில 1951-லேருந்து 1979 வரைக்கும் செஞ்ச வண்டிங்க இவை. இனிமே ஒண்ணு கூடப் புதுசா வரப்போறதில்லை.

---

மியர்பேங்க் தம்பி:

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை சீட்டு, கார்ப்பெட் எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு.

ஃப்ரேம் ஹெட் தட்டினா "டிங்"னு கேட்குது. முன் பீம் கீழ்க்குழாய் மேல் துரு மட்டும்தான், ஸ்க்ரூடிரைவர் எங்கயும் உள்ளே போகலை. பின் டார்ஷன் குழாய் பக்கம் மண் அப்பியிருந்துச்சு, சுரண்டினா அடியில பழைய கறுப்புப் பெயின்டே இருக்கு. டனல் சுத்தமா இருக்கு, எண் தெளிவாத் தெரியுது, சான்றிதழோட ஒத்துப் போகுது. இன்ஜின் எண்ணும் சரி. டைட்டில் ஹோல்டரும் பெரியப்பாதான்.

கெட்டது: ரெண்டு ஹீட்டர் சேனலும் காலி. வலதுபக்கத் தரை பாதி இல்லை, இடதுபக்கம் ஓரம் மட்டும். ஸ்டெப்னி வைக்கிற கிண்ணத்தோட அடி போயிடுச்சு. முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே ரெண்டு மூலையும் ஸ்க்ரூடிரைவர் குத்தினா உள்ளே போகுது. நல்லாத் தெரிஞ்ச பின் மட்கார்டுக்கு உள்ளே, பம்பர் தாங்கி பக்கம், காந்தம் ஒட்டவே மாட்டேங்குது. முழுக்கப் பட்டி.

இன்ஜின் எண்ணெய் விட்ட ரெண்டாம் நாள் சுத்துச்சு. புல்லியில ஆட்டம் கையில தெரியலை.

---

பீனிக்ஸ் தகட்டுவேலை:

நல்லாப் பார்த்திருக்கீங்க தம்பி. இப்ப தெளிவாச் சொல்லலாம். உங்க சேஸிஸ் நல்லது, பாடி முடிஞ்சுது.

இந்தப் பாடியை ஒட்டி எடுக்கிறதுன்னா என் கணக்குல சேனல் ரெண்டுக்கும் 60-லேருந்து 80 மணி நேரம், தரை ரெண்டுக்கும் 25, கண்ணாடி மூலைக்கும் ஸ்டெப்னிக் கிண்ணத்துக்கும் பம்பர் தாங்கிக்கும் இன்னொரு 60. பெயின்டுக்கு முந்தின வேலை 70, பூட்டி முடிக்க 60. கிட்டத்தட்ட 300 மணி நேரம். அதை உங்க ஊர்ப் பட்டறை மணிக்கூலியால பெருக்குங்க. 1 லட்சத்து 35 ஆயிரத்தை 300-ஆல வகுத்தா மணிக்கு 450 ரேண்ட் வருது. அந்தக் காசுலதான் தகடு, கேஸ், பெயின்ட், ரப்பர் எல்லாம் வாங்கணும். நேர்மையா செஞ்சா அந்தத் தொகைக்கு இந்த வேலை முடியாது. நடுவுல நின்னுடும், இல்லைன்னா பட்டியில முடியும். பாதியில நின்னுபோய்ப் பெட்டி பெட்டியா விக்கிற வண்டிங்க எல்லாம் இப்படித்தான் ஆகுது.

வேற வழி இருக்கு. உள்நாட்டுப் பாடி, அதாவது கடலைவிட்டுத் தள்ளி உள்ளே நின்ன வண்டியோட பாடி தேடுங்க. கரூ, வடக்கு கேப், ஃப்ரீ ஸ்டேட் பக்கம் காத்து உலர்ந்தது, உப்பு கிடையாது. அங்க இன்ஜின் இல்லாம, சீட்டு வெயில்ல வெடிச்சு, பெயின்ட் சுண்ணாம்பா வெளுத்து நிக்கிற வெறும் பாடி, நம்ம கரையோரத்துல பளபளக்கிற வண்டியைவிடப் பத்து மடங்கு மேல். சேனல் கெட்டியா இருக்கான்னு மட்டும் பாருங்க. ரப்பர், கண்ணாடி, சீட்டு எல்லாம் உங்க வண்டியில இருக்கு. 1968-க்கு அப்புறம் வந்த பாடியாப் பார்த்து எடுங்க, பம்பரும் பெட்ரோல் மூடியும் அந்த வருஷத்துலதான் மாறுச்சு. வாங்கினவுடனே லாரியில ஏத்திக் கொண்டுவாங்க. லாரி வாடகை எவ்வளவு ஆனாலும் அத்தனை மணி நேர வெல்டிங்கை விடக் குறைச்சல்தான்.

சேஸிஸ் உங்களுது, எண் உங்களுது, இன்ஜின் உங்களுது. ஸ்டியரிங், டாஷ்போர்ட், பெரியப்பா கை பட்ட கதவுக் கைப்பிடி எல்லாம் மாத்திப் பூட்டலாம்.

வேலை வரிசை: பாடியைத் தூக்குறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்கை வடிச்சு இறக்குங்க. பெட்ரோல் குழாய் டனலுக்குள்ளதான் போகுது, டனல் ஓரமா வெல்டிங் பண்றப்ப அதுல கொஞ்சம் ஆவி இருந்தாப் போதும். குழாயைக் காத்தடிச்சு ரெண்டு முனையும் மூடிடுங்க. பழைய குழாயை அழுத்தச் சோதனை பண்ணாமத் திரும்பப் பயன்படுத்தாதீங்க. பக்கவாட்டு போல்ட்ல பாதி உடையும், உடையட்டும், அந்தப் பாடி போறதுதானே. டேங்குக்கு அடியில இருக்கிறதையும் பின்னால ஷாக் கொம்புல இருக்கிறதையும் மறக்காதீங்க, மறந்துட்டுத் தூக்கினா கொம்பு வளைஞ்சிடும். வெறும் பாடியை ஆறு பேர் தூக்கலாம்.

தரைத் தகடு வாங்குறப்ப காலிப்பரால அளந்து வாங்குங்க. 1.2 மில்லிமீட்டர் நல்லது. 0.8-க்கு விக்கிறதும் உண்டு, அது சீட்டு தண்டவாளம் பக்கம் வெடிக்கும். டனல் ஓரத்துல ஒரு விரல் அகலம் பழைய விளிம்பை விட்டு வெட்டி, புதுத் தகட்டை அதுமேல படிய வைங்க. 7 மில்லிமீட்டர் ஓட்டை, 30 மில்லிமீட்டருக்கு ஒண்ணு, அதை நிரப்பி ஒட்டுங்க. மிக் வெல்டிங் கம்பி 0.6 மில்லிமீட்டர் போதும். 0.8 போட்டா மெல்லிசு இடத்துல ஓட்டை விழும். ஒரே பக்கமா வரிசையா ஒட்டாம, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வைங்க, கை வைக்கிற சூட்டுக்கு ஆறினவுடன் அடுத்தது. படியுற ரெண்டு முகத்துலயும் வெல்டிங் தாங்குற துத்தநாக பிரைமர் அடிச்சுட்டு ஒட்டுங்க. ஒட்டும்போது அந்தப் புகையை முகர்ந்தா ராத்திரி காய்ச்சல் வரும், கதவைத் திறந்து வச்சு முகமூடி போடுங்க.

வாங்குற பாடியில ஒரு பக்கம் சேனல் மாத்த வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம். ஆனா கதவைப் பூட்டி, முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் குறுக்கே 25 மில்லிமீட்டர் சதுரக்குழாய் வச்சு ஒட்டி, பாடியைச் சேஸிஸ் மேல கேஸ்கெட்டோட உட்கார வச்சுப் போல்ட் போட்ட பிறகுதான் பழசை வெட்டணும். சேஸிஸே ஜிக். தனியா மேசையில வச்சு ஒட்டின சேனல்ல கடைசியில போல்ட் ஓட்டை சேராது, கதவும் சேராது.

---

சாட்ஸ்வொர்த் பெயின்ட்:

அண்ணன் சொன்ன பாடி மாத்துற யோசனைதான் சரி. நான் பெயின்ட் பக்கம் மட்டும் சொல்றேன்.

டர்பன்ல இந்த வேலையை ஜூன், ஜூலையில வச்சுக்கோங்க. கோடையில காத்துல ஈரம் ஏறினா மணல் அடிச்ச தகடு மதியத்துக்குள்ள பழுப்பாயிடும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல போனா அடிக்காதீங்க. தகட்டோட சூடு பனிப்புள்ளியை விடக் குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும். ரெண்டையும் காட்டுற சின்னக் கருவி விலை அதிகமில்லை. உள்நாட்டுலேருந்து பெர்க் காத்து அடிக்கிற நாள்ல தூசி வரும், அன்னைக்கும் வேண்டாம்.

மணல் அடிச்ச அன்னைக்கே எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட். அதுக்கு முன்னாடி நல்ல தண்ணியால கழுவி, துடைச்சு, சூடு காத்தடிச்சுக் காய வையுங்க. கரையோர வண்டியில துரு தின்ன குழிக்குள்ள உப்பு தங்கியிருக்கும், கழுவாம மேல பெயின்ட் அடிச்சா ரெண்டு வருஷத்துல கொப்புளம் கிளம்பும். உங்க சேஸிஸுக்கு இது கட்டாயம். பட்டி எபாக்ஸிக்கு மேலதான், வெறும் தகட்டுல வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். கனம் 3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல தேவைப்பட்டாத் தகட்டுவேலை இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

உள்ளும் புறமும் சேர்த்து, கலந்த எபாக்ஸி 5 லிட்டர், மடிப்புச் சீலன்ட் 8-லேருந்து 10 குழல், மேல்பெயின்ட் 4 லிட்டர், கடைசியில உட்குழி மெழுகு 4 லிட்டர் வச்சுக்கோங்க. ரெண்டு பாகம் கலக்கிற பெயின்ட்ல ஐசோசயனேட்னு நுரையீரலைக் கெடுக்கிற ரசாயனம் இருக்கு. தூசி முகமூடி அதுக்குப் பத்தாது, வெளியிலேருந்து சுத்தக் காத்து வர்ற முகமூடியே வேணும். அது இல்லைன்னா அந்த ஒரு வேலையை மட்டும் பூத் இருக்கிற கடையில கொடுங்க.

மெழுகு அடிக்கிறதைப் பெயின்ட் நல்லாக் காய்ஞ்ச பிறகு செய்யணும். நீளக் குழாய் முனையை ஹீட்டர் சேனலுக்குள்ள கடைசி வரைக்கும் விட்டு, அடிச்சுக்கிட்டே மெதுவா வெளியே இழுங்க. கதவு அடி, முன்தூண் அடி, ஸ்டெப்னிக் கிண்ணத்து மடிப்பு எதையும் விடாதீங்க. மறுநாள் ஒரு கம்பியால வடிகால் ஓட்டை ஒவ்வொண்ணையும் குத்தித் திறந்துவிடுங்க. மெழுகு அதை அடைச்சிருந்தா மழைத்தண்ணி கதவுக்குள்ளேயே நிக்கும்.

---

மியர்பேங்க் தம்பி:

உள்நாட்டுப் பாடி தேட ஆரம்பிச்சுட்டேன். பெரியம்மாவும் சரின்னுட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம் அக்கா. வாங்குற பாடியோட, விக்கிற ஆளோட பழைய சேஸிஸும் வந்தா என்ன செய்யணும்? தாள் இல்லாம வாங்கலாமா?

---

வெருலம் அக்கா:

தாள் இல்லாமல் முழு வண்டியாக வாங்காதீர்கள் தம்பி. விற்பவருக்கும் பாடி மட்டும் விற்றால் போதும் என்றால், சேஸிஸை அவரிடமே விட்டுவிட்டுப் பாடியை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதுதான் தொல்லை இல்லாத வழி. சேஸிஸோடுதான் தருவேன் என்றால் அதன் பதிவுச் சான்றிதழை வாங்கி, எண்ணை டனலில் நேரில் ஒப்பிட்டு, வண்டி திருட்டுப் பட்டியலில் இல்லை என்று போலீஸில் உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள்.

ரசீதில் விற்பவரின் பெயர், அடையாள எண், தேதி, "1968-க்குப் பிந்தைய பீட்டில் பாடி, சேஸிஸ் இல்லாமல்" என்ற வரி, அவர் கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். இரண்டு வண்டியையும் பிரிப்பதற்கு முன்னால் நான்கு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். புதுப் பாடியின் நிறம் சான்றிதழில் உள்ளதோடு மாறினால் அதையும் பதிவில் மாற்ற வேண்டும். பெரியப்பா வண்டியின் நிறத்தையே அடித்துவிட்டால் அந்த வேலையும் இல்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும் காப்பீட்டை ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். சந்தை மதிப்புக்கு எடுத்தால், ஏதாவது நடந்த அன்று 1969 வண்டிக்கு அவர்கள் போடும் விலையைத்தான் தருவார்கள். வேலை நடக்கும்போதே எல்லா ரசீதையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள், மதிப்பீட்டாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.